விருந்து யாருடையது?

'தொடர் விடுமுறை' என்னும் சொல் நம் இளமையில் வழக்கில் இருந்ததாக நினைவில்லை. மதரஸாவில் ஓதிய நாட்களில் வெள்ளிக்கிழமை ஒன்றே ஓய்வு நாள். அதுவும் துணி துவைப்பதிலும், நகம் களைவதிலும், ஜும்ஆவுக்குச் செல்வதிலும் கழிந்துவிடும். இன்றோ புத்தாண்டு நாட்காட்டி கைக்கு வந்தவுடனேயே, வெள்ளியும் சனியும் ஞாயிறும் ஒருங்கே விடுமுறையாய் அமையும் வாரங்களைப் பிள்ளைகள் எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். அந்நாட்களில் யாரோடு கூடுவது, எதை உண்பது, எங்கே சென்று எதைக் காண்பது என்று ஒரு மாதம் முன்னரே திட்டமும் வகுத்துவிடுகிறார்கள். இதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நாமும் அத்தகைய திட்டம் ஒன்றை வகுத்தவர்தாம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

சென்ற தைப் பொங்கல் விடுமுறையில், நம்மோடு ஒரே மதரஸாவில் ஓதிய நண்பர்கள் மூவர் பசுமலையிலுள்ள நம் இல்லத்தில் வந்து தங்கினார்கள். ஒருவர் காயல்பட்டினத்து வணிகர். ஒருவர் மேலப்பாளையத்தில் தமிழாசிரியர். சீறாப்புராணத்தில் எந்தப் படலத்தைக் கேட்டாலும் ஏடு பாராமல் ஓதக்கூடியவர். மூன்றாமவர் திண்டுக்கல்லில் இமாமாகப் பணிபுரிபவர். துணை இமாமிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் வந்தார். வந்தவர், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னரே ஒரு கேள்வியைப் போட்டார்: "ஐம்பது வயதைக் கடந்த நாம் மூன்று நாட்களை உண்பதிலும் ஊர் சுற்றிப் பார்ப்பதிலும் கழிப்பது தகுமா? காலம் அமானிதமல்லவா? இது லஹ்வில் சேராதா?"

லஹ்வு என்றால் வீண் பொழுதுபோக்கு. மார்க்கம் அதை விரும்புவதில்லை. ஆனால் எது வீண் என்பதில்தான் அறிஞர்கள் காலந்தோறும் மாறுபட்டு வந்திருக்கிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை காணவேண்டும் என்றே அன்றிரவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் மூன்றாம் நாள் மாலையில் நம்முன் வந்து நின்றது இந்தக் கேள்வியன்று, வேறொன்று. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் இமாம் அவர்களின் ஐயத்தைப் பார்ப்போம். ஹன்ழலா (ரலி) அவர்கள் பெருமானாரின் எழுத்தர்களுள் ஒருவர். ஒருநாள் அவர் தம்மை நயவஞ்சகன் என்று நொந்துகொண்டு வீதியில் வருகிறார். அபூபக்ர் (ரலி) அவர்கள் காரணம் கேட்கிறார்கள். பெருமானாரின் அவையில் இருக்கும்போது மறுமை கண்முன் நிற்கிறது, வீட்டுக்குச் சென்று மனைவி மக்களோடு கலந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகிறது என்று அவர் புலம்புகிறார். தமக்கும் அதே நிலைதான் என்கிறார்கள் அபூபக்ர் (ரலி) அவர்கள். இருவரும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று முறையிடுகிறார்கள். கிடைத்த விடையின் சாரம் இதுதான்: எந்நேரமும் அந்த ஒரே நிலையில் இருக்க மனிதனால் இயலாது, அதற்கென ஒரு நேரம், இதற்கென ஒரு நேரம். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற இச்செய்தியை நாம் எடுத்துரைத்தபோது, இமாம் சற்றுத் தணிந்தார்.

அடுத்து ஸல்மான் (ரலி) அவர்களின் வரலாறு. பெருமானார் (ஸல்) அவர்கள் ஸல்மானையும் அபுத்தர்தாவையும் சகோதரர்களாகப் பிணைத்து வைத்திருந்தார்கள். ஸல்மான் ஒருநாள் அபுத்தர்தாவின் இல்லத்துக்கு விருந்தினராகச் சென்றார். அபுத்தர்தா உணவு சமைத்துப் பரிமாறிவிட்டு, தாம் நோன்பு என்று சொல்லி ஒதுங்கினார். "நீர் உண்ணாமல் நானும் உண்ணமாட்டேன்" என்று அவரை அமரவைத்து உண்பித்தார் ஸல்மான். இரவில் அவர் தொழ எழுந்தபோதெல்லாம் உறங்கச் சொன்னார். கடையாமத்தில் இருவரும் எழுந்து தொழுதனர். இறைவனுக்கு உரிமை உண்டு, உடலுக்கும் உரிமை உண்டு, குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு, ஒவ்வோர் உரிமையையும் உரியவர்க்குக் கொடுத்துவிடும் என்பது அவருடைய அறிவுரை. ஸல்மான் சொன்னது உண்மையே என்று பெருமானாரும் உறுதிசெய்தார்கள். நண்பனோடு உண்பதற்காக நஃபில் நோன்பையே விடலாம் என்றால், நட்பின் விருந்து வீணாகுமா? இதைக் கேட்டதும், "சரி, உங்கள் விருப்பம்" என்றார் இமாம். வாதத்தில் வென்றுவிட்ட களிப்பில் நாம் இருந்தோம். இவ்வரலாற்றின் தொடக்கத்தை நாம் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்பது அப்போது நமக்கே தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காஜிமார் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வீடு திரும்பினோம். ஜல்லிக்கட்டுக் காலமாதலால் மதுரையின் சாலைகளெங்கும் வெளியூர் வண்டிகள். பசுமலை வந்து சேர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. பகல் உணவு நெய்ச்சோறும், கறியாணமும், தாளிச்சாவும், கத்திரிக்காய்ப் பச்சடியும். தட்டுகள் வைக்கப்பட்டதைக் கண்ட காயல்பட்டினத்தார், "இதென்ன, ஆளுக்கொரு தட்டு? ஸஹன் இல்லையா?" என்று கேட்டார். காயலிலும் கீழக்கரையிலும் விருந்தென்றால் ஸஹன்தான். ஒரு பெரிய தாம்பாளத்தைச் சூழ்ந்து பலர் அமர்ந்து ஒன்றாக உண்பது. மதுரைப் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் இது அவ்வளவாகப் பழக்கமில்லை. வீட்டிலிருந்த பெரிய தாம்பாளம் வெளியே வந்தது.

ஸஹனில் உண்பதற்கென்று ஓர் ஒழுக்கம் உண்டு. தனக்கு முன்னுள்ளதைத்தான் எடுக்கவேண்டும். நடுவிலோ பிறர் பக்கத்திலோ கை நீளக்கூடாது. இது நபிமொழி வழி வந்த ஒழுங்கு. ஆனால் கையைப் பிறர் பக்கம் நீட்டுவதற்கு ஒரே ஒரு காரணம் உண்டு. நல்ல துண்டைத் தன் பக்கத்திலிருந்து எடுத்து அடுத்தவர் பக்கம் தள்ளிவைப்பதுதான் அது. மேலப்பாளையத்தாருக்கு நல்லி எலும்பு பிடிக்கும் என்று மூவரும் தள்ளித் தள்ளி, அவர் முன்னால் எலும்பு மலையே குவிந்துவிட்டது. தனித்தட்டில் உண்பவன் தனக்கு எவ்வளவு வந்தது என்று பார்க்கிறான். ஸஹனில் உண்பவன் பிறர்க்கு எவ்வளவு போயிற்று என்று பார்க்கிறான். இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியின் பொருள் ஸஹனில் அமர்ந்தால்தான் விளங்கும் என்றார் காயல்பட்டினத்தார். உண்மைதான். தாம்பாளத்தைச் சுற்றி நால்வர் அமர்ந்திருந்தோம். நால்வரும் ஆண்கள்.

சனிக்கிழமை காலையில் இடியாப்பமும் பாயாவும் உண்டுவிட்டு, நகரைக் காணப் புறப்பட்டோம். பசுமலையைப் பற்றியே சொல்வதற்கு நிறைய உண்டு. இன்று தல்லாகுளத்தில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரி, 1881இல் இந்தப் பசுமலையில்தான் தொடங்கியது. ஆயினும் வெளியூர் நண்பர்களுக்கு முதலில் காட்டவேண்டியது திருமலை நாயக்கர் மகாலே.

17ஆம் நூற்றாண்டில் எழுந்த அம்மாளிகையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பல பகுதிகள் பெயர்க்கப்பட்டுத் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டன. சிதைந்து கிடந்ததை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். உள்ளே நுழைந்து முற்றத்தில் நின்றதும் பேச்சு தானாகவே அடங்கிவிடுகிறது. ஓங்கி நிற்கும் தூண்கள். தூணுக்குத் தூண் வளைவுகள். மேலே சுதை வேலைப்பாடுகள். சொர்க்கவிலாசத்தின் மேல் கவிந்த குவிமாடம். வளைவும் குவிமாடமும் முஸ்லிம் கட்டடக் கலையின் சாயல். சுதையில் படர்ந்த யாளியும் கொடியும் தமிழ்நாட்டுக் கைவண்ணம். இரண்டும் ஒன்றோடொன்று பூசலிடாமல் பொருந்தி நிற்கின்றன.

மேலப்பாளையத்தார் ஒரு தூணைத் தடவிப் பார்த்தவாறே சொன்னார்: "மன்னன் பெயர் நிற்கிறது. இந்தச் சுண்ணாம்பைக் குழைத்தவன் பெயர் எங்கே? முட்டையின் வெண்கருவைக் கலந்து அரைத்தார்கள் என்கிறார்களே, அந்த முட்டைகளை உடைத்த பெண்பிள்ளை யார்?" கலையை வியப்பவர்கள் உழைப்பை மறந்துவிடுகிறார்கள் என்று அவர் ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினார். நாம் அனைவரும் தலையசைத்தோம். அந்த நேரத்தில் நம் வீட்டு அடுக்களையில் இரவு விருந்துக்குக் கோலா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தவர்களின் நினைவு நம்மில் ஒருவருக்கும் வரவில்லை.

அங்கிருந்து விளக்குத்தூண் வந்து ஜிகர்தண்டா அருந்தினோம். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே பனிக்கூழ். தை மாதக் குளிரில் இது எதற்கு என்று இமாம் மட்டும் மறுத்தார். பிறகு நம்முடையதில் இரண்டு மிடறு அருந்தினார். ஜிகர் என்பது பாரசீகத்தில் ஈரல். ஆனால் பாரசீக, உருதுக் கவிஞர்களுக்கு அது வெறும் ஈரலன்று, அன்பும் துணிவும் குடியிருக்கும் இடம். தமிழில் நாம் நெஞ்சு குளிர்ந்தது என்போமே, அதுதான் ஜிகர்தண்டா. இப்படி ஒரு பெயரை ஒரு பானத்துக்குச் சூட்டி அதை ஊரின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்ட மதுரையின் ரசனையை வியந்தோம்.

மேலமாசி வீதியையும் பார்த்தோம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் தம் உடையைத் துறந்து முழங்காலளவு வேட்டியை மேற்கொண்டது அவ்வீதியில் அவர் விருந்தினராகத் தங்கியிருந்த வீட்டில்தான். அயல்நாட்டுத் துணியை விட்டுக் கதர் உடுத்தச் சொன்னால், கதர் வாங்கவும் வகையற்ற ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற எண்ணம் அவரை அம்முடிவுக்குக் கொண்டுவந்தது. விருந்தினர்கள் பெரும்பாலும் ஒரு ஊரின் கோபுரங்களையும் மாளிகைகளையும் காண்கிறார்கள். இந்த விருந்தினர் இந்த ஊர் மக்களின் இடுப்பைக் கண்டார். நாம் அங்கே நின்று இதைத்தான் பேசினோம். நன்றாகவே பேசினோம்.

அன்றிரவு பேச்சு அபூ ஹய்யான் அத்தவ்ஹீதியைப் பற்றித் திரும்பியது. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர்; அரபு உரைநடையின் சிகரங்களுள் ஒருவர். ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்தது ஏடு பெயர்த்தெழுதும் வேலை. கணித மேதை அபுல் வஃபா அவரை அமைச்சர் இப்னு ஸஃதானிடம் கொண்டு சேர்த்தார். இரவுதோறும் அமைச்சர் கேட்பார். அபூ ஹய்யான் விடை சொல்வார். மெய்யியல், இலக்கணம், விலங்குகளின் இயல்பு, நாடுகளின் குணம், இசை, நகைச்சுவை என எதுவும் அங்கே விலக்கில்லை. விடைபெறும் வேளையில், போகுமுன் ஒரு சுவைச்செய்தி சொல்லிவிட்டுப் போம் என்பார் அமைச்சர். இந்த இரவுகளைத் தொகுத்த நூலுக்கு 'அல்இம்தாஉ வல்முஆனஸா' என்று பெயர். மகிழ்வூட்டுதலும் பழகி இன்புறுதலும் என்று தமிழில் சொல்லலாம். நண்பர் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்குமா?

ஆனால் நூலின் இறுதிக்கு வந்தால் நெஞ்சு கனக்கிறது. அத்தனை இரவுகள் அமைச்சரை மகிழ்வித்தவர், தம் வறுமையைச் சொல்லி உதவி வேண்டிக் கெஞ்சுகிறார். முதுமையில் அவர் தம் நூல்களைத் தம் கையாலேயே தீயிலிட்டார். அருமை அறியாதவர்களிடம் அவற்றை விட்டுச்செல்ல மனமில்லை என்பது அவர் தந்த விளக்கம். அவ்வவையில் மகிழ்ச்சி யாருடையது, உழைப்பு யாருடையது என்று நாம் கேட்டோம். இமாம் பெருமூச்செறிந்தார். மேலப்பாளையத்தார், சீதக்காதி போன்ற வள்ளல் வாய்த்த உமறுப்புலவர் பேறு பெற்றவர் என்றார். பேச்சு நள்ளிரவு வரை நீண்டது. இடையிடையே தேநீர் வந்தது. எத்தனை முறை வந்தது என்று நாம் எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் உணவு முடிந்ததும் நண்பர்கள் புறப்படுவதாயிருந்தது. பொங்கல் கூட்டத்தில் பேருந்திலும் தொடர்வண்டியிலும் இடம் கிடைப்பது அரிது. இன்னும் ஒருநாள் இருந்து செல்லுங்கள் என்று நாம் வற்புறுத்தினோம். காயல்பட்டினத்தார் இணங்கிவிட்டார். இமாம் மட்டும் விருந்து மூன்று நாள்தான் என்ற நபிமொழியை நினைவூட்டினார். அபூஷுரைஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்நபிமொழியில், மூன்று நாட்களுக்கு மேற்பட்டது தர்மமாகிவிடும் என்று வருகிறது. விருந்தளிப்பவரைப் பாவத்தில் தள்ளும் அளவுக்கு விருந்தினர் தங்குவது ஆகாது என்றும் வருகிறது. எவ்வாறு பாவத்தில் தள்ளுவார் என்று தோழர்கள் கேட்டார்கள். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலையிலும் அவரிடம் தங்கியிருப்பதே அது என்று விளக்கம் கிடைத்தது. "இங்கே அல்லாஹ்வின் அருளால் கொடுப்பதற்குக் குறைவில்லை" என்று பெருமிதத்தோடு சொன்னோம்.

அப்போது இமாமின் மடியில் அமர்ந்து முந்திரிப்பருப்பு தின்றுகொண்டிருந்த நம் பேரன், ஆறு வயதுப் பிள்ளை, வாய் திறந்தான்.

"நாளைக்கும் இருந்தீங்கன்னா எங்கம்மா அழுவாங்க."

திடுக்கிட்ட இமாம், ஏன் என்று மெல்லக் கேட்டார். "எப்பவும் பொங்கல் லீவுக்கு உத்தமபாளையம் நன்னி வீட்டுக்குப் போவோம். நீங்க வந்திருக்கீங்கல்ல, அதான் இந்த வருஷம் போகலை. நன்னிக்குக் கால் வலி. அம்மா அடுப்படியில போன்ல பேசிக்கிட்டே அழுதாங்க."

நம் மருமகள் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறார். நமக்குக் கிடைத்த அதே விடுமுறைதான் அவருக்கும் கிடைத்தது. நாட்காட்டியில் நாம் குறித்துவைத்த அதே நாட்களை அவரும் குறித்துவைத்திருந்தார். நாம் நண்பர்களுக்கு அழைப்பு அனுப்பிய அன்றே அவருடைய விடுமுறை முடிந்துவிட்டது. அவரிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. நாம் கொடுப்பதற்குக் குறைவில்லை என்று பெருமை பேசியது எதைக் கொடுத்து? நெய்யும் அரிசியும் இறைச்சியும் நம்முடையவை. அந்த மூன்று நாட்கள் நம்முடையவை அல்ல.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மதரஸாவில் ஓதியவர்கள் நால்வர் கூடினால் எந்தத் துயரமும் விரைவில் ஃபிக்ஹு ஆகிவிடும் என்பது எங்களுள் ஒரு வேடிக்கைப் பேச்சு. அவ்வாறே ஆயிற்று. பிறர் பொருளை அவர் அனுமதியின்றி விற்பவனுக்கு ஃபுழூலி என்று பெயர். அவன் செய்த விற்பனை செல்லுமா? ஹனஃபி மத்ஹபில், அது தொங்கலில் நிற்கும். உரியவர் பின்னர் ஒப்பினால் செல்லும், மறுத்தால் வீழும். உர்வா அல்பாரிக்கீ (ரலி) அவர்களிடம் ஆடு ஒன்று வாங்கிவரப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதைக்கொண்டு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டோடும் ஒரு தீனாரோடும் திரும்பினார். பெருமானார் அதை ஏற்று அவருடைய வணிகத்தில் பரகத் வேண்டினார்கள். ஹனஃபிகளுக்கு இது ஒரு சான்று. ஷாஃபிஈ மத்ஹபின் புதிய தீர்ப்பிலோ, அந்த விற்பனை தொடக்கத்திலேயே செல்லாது. பின்னால் வரும் ஒப்புதல் அதற்கு உயிர் தராது.

காயல்பட்டினத்தார் ஷாஃபிஈ, நாம் ஹனஃபி. "உங்கள் மத்ஹபில் உங்களுக்குத் தப்பிக்க வழியிருக்கிறது. மருமகளிடம் ஒப்புதல் கேட்டுவிடுங்கள். எங்கள் மத்ஹபில் நாங்கள் உண்டது அத்தனையும் சிக்கல்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் மூன்று நாளும் முகம் சுளிக்காமல்தானே பரிமாறி அனுப்பினார், மௌனம் சம்மதம் ஆகாதா என்று நாம் பலவீனமாய் ஒரு வாதத்தை முன்வைத்தோம். இமாம் அதை உடனே வெட்டினார். பேசாதவர்மீது ஒரு சொல்லை ஏற்றிச் சொல்லக்கூடாது என்பது ஃபிக்ஹின் பொது விதி. திருமணத்தில் கன்னிப்பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாக ஏற்பது விதிவிலக்கு. அங்கேயும் முதலில் அவளிடம் கேட்கவேண்டும். கேட்கப்பட்டபின் வரும் மௌனம் வேறு. கேட்கப்படாதவளின் மௌனம் வேறு. "நீர் கேட்டீரா?" என்றார் இமாம். நம்மிடம் விடையில்லை.

அதன்பிறகு அவரே சொன்னார், முதல்நாள் இரவு ஸல்மான் (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் பாதியிலிருந்து சொன்னதாக. அந்த வரலாறு விருந்தில் தொடங்கவில்லை. ஸல்மான் வீட்டுக்குள் வந்ததும் முதலில் கண்டது உம்முத்தர்தாவை. தம்மைப் பேணிக்கொள்ளாத கோலத்தில் நின்ற அந்த அம்மையாரைப் பார்த்து, உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். உம் சகோதரருக்கு உலகத்தில் நாட்டமில்லை என்று வந்தது மறுமொழி. அதற்குப் பின்புதான் மற்றதெல்லாம். நோன்பை விடச் சொன்னதும், உறங்கச் சொன்னதும், குடும்பத்தாரின் உரிமையை நினைவூட்டியதும். வீட்டுப் பெண்ணின் நிலையைக் கண்டு கேட்ட விருந்தினரின் வரலாற்றை, விருந்துண்ண ஒரு சான்றாக மட்டும் நாம் எடுத்தாண்டோம். எத்தனை ஆண்டுகளாக மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிவந்திருக்கிறோம்!

இன்னொரு செய்தியையும் இமாம் எடுத்துரைத்தார். பெருமானாரின் அண்டைவீட்டார் ஒருவர் பாரசீகர். நன்றாகக் குழம்பு காய்ச்சுபவர். ஒருநாள் உணவு சமைத்துவிட்டுப் பெருமானாரை அழைக்க வந்தார். இவரும் வரலாமா என்று ஆயிஷா (ரலி) அவர்களைச் சுட்டிப் பெருமானார் கேட்டார்கள். அவர் இல்லை என்றார். அப்படியானால் நானும் இல்லை என்றார்கள் பெருமானார். அவர் மீண்டும் வந்தார். மீண்டும் அதே கேள்வி, அதே மறுப்பு. மூன்றாம் முறை அவர் சரி என்றதும் இருவரும் எழுந்து ஒருவர்பின் ஒருவராய்ச் சென்றார்கள். முஸ்லிமில் வரும் இந்நபிமொழியை ஓதாத மதரஸா மாணவன் இல்லை. நம் தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்தபோது ஒருவர் நாவிலும் அது வரவில்லை. இடம் வேறாக, திரை வேறாக இருக்கலாம். இவரும் வரலாமா என்று கேட்பதற்குத் திரை தடையன்றே.

நண்பர்கள் அன்று மாலையே புறப்பட்டுவிட்டார்கள். நின்றுகொண்டே போகவேண்டியிருந்தாலும் பரவாயில்லை என்று மூவரும் ஒரே பிடியாய் நின்றார்கள்.

அவர்கள் சென்றபின் மருமகளை அழைத்துக் கேட்டோம். கேட்க வேண்டியதை மூன்று நாள் கழித்துக் கேட்டோம். அவர் தலைகுனிந்து நின்றார். பிறகு சொன்னார்: "முன்னாடியே கேட்டிருந்தா, வரச்சொல்லுங்க மாமான்னுதான் சொல்லியிருப்பேன். ஒருநாள் முந்தியே ஊருக்குப் போயிட்டு வந்திருப்பேன்." அவ்வளவுதான். ஹனஃபி மத்ஹபின்படி இது ஒப்புதலா, இல்லையா என்று இன்றுவரை நம்மால் தீர்மானிக்க முடியவில்லை. ஒப்புதல் போலவும் இருக்கிறது. அதைவிடக் கடுமையான ஒன்றாகவும் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவரையும் பேரனையும் நாமே உத்தமபாளையத்துக்கு அழைத்துச் சென்றோம். அது ஈடாகாது என்பது நமக்குத் தெரியும். அந்த அம்மையார் கால் வலியோடு எழுந்து வந்து, நமக்கென்று இடியாப்பம் பிழியத் தொடங்கியபோது, வேண்டாம் என்று தடுக்க நாம் பட்ட பாடு சொல்லி மாளாது.

இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்தினர் வரலாற்றைத் திருக்குர்ஆனில் பலமுறை ஓதியிருக்கிறோம். வந்தவர்கள் அறியாவண்ணம் மெல்ல நழுவி உள்ளே சென்று, கொழுத்த கன்றைத் தாமே கொண்டுவந்து வைத்தார்கள் என்பதை விருந்தோம்பலின் இலக்கணமாக விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ஹூது அத்தியாயத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. அவர்களுடைய மனைவியார் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நிற்றலுக்கு விருந்தினர்க்குப் பணிவிடை செய்ய நின்றார்கள் என்று சிலர் பொருள் உரைக்கிறார்கள். திரைக்கு அப்பால் நின்றார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எப்படியாயினும், வானவர் கொண்டுவந்த நற்செய்தி அவ்வத்தியாயத்தில் சொல்லப்படுவது நின்றுகொண்டிருந்த அந்த அம்மையாருக்குத்தான். இதையும் இப்போதுதான் கவனிக்கிறோம்.

நண்பர்கள் சென்ற அன்றிரவு, விளக்கை அணைக்கும் நேரத்தில் நம் இல்லத்தரசியார் ஒன்று கேட்டார்: "அந்த மந்திரிகிட்ட ராத்திரி ராத்திரி கதை சொன்னாரே ஒருத்தர், அவருக்குக் கடைசியிலே என்ன ஆச்சு? நான் தாளிச்சிக்கிட்டு இருந்தேன், காதிலே விழலை." அபூ ஹய்யானின் கதையை முதலிலிருந்து சொன்னோம். அபுல் வஃபாவையும், சுவைச்செய்திகளையும், ஏடு பெயர்த்தெழுதியதையும், தீயிலிட்ட நூல்களையும் சொன்னோம். நடுவில் அவர் பல கேள்விகள் கேட்டார். அவற்றுள் இரண்டுக்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு காயல்பட்டினத்தில் கூடலாம் என்று பேச்சு நடக்கிறது. நாள் இன்னும் உறுதியாகவில்லை. காயல்பட்டினத்தார் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்றும் கூறினார்.